ஹில்க்காவின் தொப்பிக்கு ஒரு குஞ்சம்

கனடாவின் தண்டர் பே நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் ஹில்க்கா ரன்டனன். கோடை விடுமுறை விட்டதும் அவள் வீட்டுச் சேவல்கள் கூண்டுக்குப் பின்னால் பதுங்கும். அம்மாளின் கண் முதலில் போவது அவற்றின் கழுத்து இறகின் மேல்தான். உயிரோடு பிடுங்குகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். கறி சூப்புக்கு, இறகு சாயப் பானைக்கு. அவள் வீட்டில் எதுவும் வீணாவதில்லை.

இருநூறு வருஷத்துக்கு முன் பீவர் என்ற ஆற்று விலங்கின் தோலை விற்ற வியாபாரிகள் தங்கள் படகோட்டிகளுக்குக் கொடுத்த இறகுக் குஞ்சத்தை அச்சு அசலாகச் செய்ய அவளை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. சாயமேற்றிய இறகுகளை நிழலில் உலர்த்தி, மெல்லிய கம்பியில் ஒவ்வொன்றாக நூலால் சுற்றிக் கட்டுவாள். கெட்டில் ஆவியில் காட்டியதும் குஞ்சம் உப்பி எழும். ஜூலையில் பழைய கோட்டையில் நடக்கும் விழாவுக்குப் படகோட்டி வேஷம் கட்டும் ஆம்பிளைகள் அத்தனை பேர் தொப்பியிலும் ஆடுவது அவள் கைவேலை. அவள் தொப்பி மட்டும் மொட்டை.

காரணம் கிளோவிஸ் ஜெர்வே. ரயில்வேயில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்; பரிசோதிப்பதிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. படகோட்டி வேஷக் குழுவில் யார் சட்டையிலாவது அந்தக் காலத்தில் இல்லாத பிளாஸ்டிக் பொத்தானைப் பார்த்தால் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். குஞ்சத்துக்கும் பழைய சம்பிரதாயம் ஒன்று உண்டு. ஆறுகள் வடக்கே திரும்பி ஓடத் தொடங்கும் மேடு ஒன்று உண்டு; படகைத் தோளில் சுமந்து அதைக் கடந்து, அங்கே ஈரத் தேவதாருக் கிளையால் தலையில் தண்ணீர் தெளிக்கப்பட்டவனுக்குத்தான் அது. ஹில்க்காவும் மேட்டை இருபது தரம் கடந்தவள்தான். குழுவுக்குச் சமையல் சாமான் ஏற்றிய வேனில், நெடுஞ்சாலை வழியாக.

இந்த வருஷம் ஒருவர் மகள் கல்யாணம் என்று வராமல் போக, விழாப் படகில் ஓர் இடம் காலியானது. ஹில்க்கா முந்திக்கொண்டாள். குஞ்சம் வைத்த தொப்பியோடு கோட்டைக்குள் நுழைய வேண்டும். அறுபத்து மூன்று வயதில் அவளுக்கு இருந்த ஒரே பேராசை அது.

விழா நாள் காலை, ஆற்றங்கரையில் கிளோவிஸ் வழிமறித்தார்.

"குஞ்சத்தக் கழட்டு."

"ஏன்யா, கட்டுன கைக்கு வச்சுக்க உரிமை இல்லியா?"

"சக்கரத்துல போனதெல்லாம் சேராது. சட்டம்னா சட்டம்."

"சட்டமா?" ஹில்க்கா குரலைத் தாழ்த்தினாள். "பன்னண்டு வருஷம் முந்தி, 'நீங்க முன்னால போங்க, நான் பின்னால வரேன்'னு எல்லாரையும் அனுப்பிட்டு, என் வேன்ல வெங்காய மூட்ட மேல குப்புறப் படுத்து, 'ஐயோ முதுகு, ஐயோ முதுகு'ன்னு வந்தது யாரு தொர? மேட்டுல எறங்கி, சுமந்து வந்தவன் மாதிரி மூச்சு வாங்கிட்டு வரிசையில நின்னியே!"

மிரட்டினால் மனுஷன் குஞ்சத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவான் என்பது அவள் போட்ட கணக்கு. கிளோவிஸின் முகம் தக்காளியாகச் சிவந்தது. தன் தொப்பியை எடுத்தார். குஞ்சத்தை உருவினார். எல்லாரும் கேட்கும்படி, "நானும் வேன்ல வந்தவன்தான்யா. இது எனக்குச் சேராது" என்றார்.

படகுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். ஹில்க்காவுக்கு வெட்கமாகப் போயிற்று. சீ, இதற்கா இத்தனை நாள் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினோம்! தன் குஞ்சத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆற்றோரக் கோட்டை வாசலைப் படகு நெருங்கியதும் ஒலிபெருக்கிக்காரர் கூட்டத்துக்கு விளக்கினார். "குஞ்சம் வச்சிருக்கறவங்க எல்லாம் பழம் தின்னு கொட்டை போட்டவங்க! மொட்டத் தொப்பியோட வர்ற ரெண்டு பேரும் இந்த வருஷம் சேர்ந்த கத்துக்குட்டிங்க!"

நரைத்த தலைகள் இரண்டையும் பார்த்துக் கூட்டம் கைதட்டியது. ஹில்க்கா சிரித்த சிரிப்பில் துடுப்பு தவறி ஆற்றில் விழப் பார்த்தது. கிளோவிஸ் நேராகப் பார்த்தபடி, "சத்தம் போடாம துடுப்பு போடு, கத்துக்குட்டி" என்றார்.

அடுத்த சனிக்கிழமை குழு மறுபடி அந்த மேட்டுக்குக் கிளம்பியது. கிளோவிஸ் முதுகு வலிக்கு இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு படகின் பின்புறத்துக்குத் தோள் கொடுத்தார், ஹில்க்கா முன்புறத்துக்கு. கொசு பிடுங்கியது, சேறு முழங்கால் வரை ஏறியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே மேடேறிச் சேர்ந்தார்கள். ஈரக் கிளை இரண்டு தலையிலும் விழுந்தது.

பிறகு சத்தியம். படகோட்டிகளின் பழைய சத்தியத்தைக் கிளோவிஸ் ஒரு எழுத்து பிசகாமல் சொல்ல, ஹில்க்கா கையை உயர்த்தித் திருப்பிச் சொன்னாள்: "எந்தப் படகோட்டியின் மனைவியையும் அவள் சம்மதம் இல்லாமல் முத்தமிட மாட்டேன்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிளோவிஸ் சிரிக்கவில்லை. அவளிடமிருந்து சிவப்புக் குஞ்சத்தை வாங்கி அவள் தொப்பியில் தானே செருகி, சாய்வு சரியா என்று தள்ளி நின்று பரிசோதித்தார்.

"ஒரு சந்தேகம்," என்றாள் ஹில்க்கா. "சம்மதம் கேக்கணும்னு சொன்னது படகோட்டி பொண்டாட்டிகிட்டதான? படகோட்டிகிட்ட கேக்கணும்னு சட்டம் இருக்கா?"

கிளோவிஸ் தாடியைத் தடவினார். படித்த பழைய ஏடுகளையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார்.

"அப்படி எதுலயும் இல்ல," என்றார் நேர்மையாக.

பதினான்கு பேர் பார்க்க, ஹில்க்கா அவர் காதைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் வைத்தாள்.