ஆத்தாளுக்காகக் கழற்றிய பட்டைகள்

காலை ஆறு ஐம்பதுக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். முதலில் கண்ணில் பட்டவை மரவள்ளிக் கிழங்குகள். மலைப்பாதையின் கடைசி வளைவு முழுக்க, மண் ஒட்டிய கிழங்குகள் உருண்டு கிடந்தன. அதற்குப் பிறகுதான் லாரி தெரிந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு முன்சக்கரம் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

அந்த லாரியைக் கவிழ்த்தவன் நான்.

ஓட்டியவன் வேலு. வழக்கில் சிக்கியவன் குணசேகரன். ஆனால் கவிழ்த்தவன் நான்தான்! இத்தனை வருடங்களாக இந்த ஒரு வரியை எங்கும் எழுதாமல், மற்றவர்களைப் பற்றி ஆயிரம் வரிகள் எழுதியிருக்கிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்த காலம் அது. கள்ளக்குறிச்சியில் நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அதில் வரும் சம்பளத்தில் குடும்பம் ஓடாது. ஆகவே ஒரு பழைய லாரியும் வைத்திருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு, புளி, கடுக்காய் இறக்கும் லாரி.

மறியலுக்கு முந்தைய வாரம், தியாகதுருகம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அம்மன் திருவிழா. கடைசி நாள் அம்மன் லாரியில் ஏறித் தெருத்தெருவாக வரும். அந்த வருடம் என் லாரியைக் கேட்டார்கள். எனக்குப் பெருமை! ஊர்வலத்துக்கு முந்தின நாள் அம்மனைப் பீடத்தோடு ஏற்றிப் பார்த்தோம். பின்னால் ஜெனரேட்டர் வைத்ததும் லாரியின் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் தூக்கிக்கொண்டது. அம்மனின் முகம் மேல்நோக்கித் திரும்பிவிட்டது.

"இன்னாடி இது, ஆத்தா வானத்தப் பாத்துக்கினு போவுது! வாசல்ல சூடத்தோட நிக்கிற நம்மள யாரு பாக்கறது?" என்றாள் ஒரு பெண். கூட்டம் சிரித்தது. கோயில் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

பீடத்துக்கு அடியில் ஒரு ஆப்பு வைத்தால் முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கோயிலில் பீடத்துக்கு அடியில் எதையும் செருகக் கூடாது. முட்டுக் கொடுத்து நிற்க வைத்த சாமி ஊரைத் தாங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே சாமியை விட்டுவிட்டு லாரியைத் தாழ்த்த வேண்டியதாயிற்று.

மெக்கானிக் பாஷாவைக் கூட்டிவந்தேன். லாரியின் முன் அச்சுக்கு மேலே எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதுதான் ஸ்பிரிங். பாரம் முழுவதும் அந்த அடுக்கில்தான் உட்காரும். பாஷா ஜாக்கி வைத்து, அடுக்கைப் பிரித்து, இரண்டு பக்கமும் மூன்று மூன்று பட்டைகளை உருவிவிட்டு, மீதியைச் சேர்த்து முடுக்கினார். ஜாக்கியை இறக்கியதும் லாரியின் முகம் மூன்று விரற்கடை தணிந்தது. அம்மன் நேராகப் பார்த்தாள்.

"ஆத்தா பார்வைக்காக பாய் நான் லாரிக்கு அடியில படுத்துக்கினு கீறேன். வர்ற புண்ணியத்துல பாதி எனக்கு எய்திடுங்க நிருபரே" என்றார் பாஷா. பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "சாமி எறங்கனதும் வண்டிய இட்டாந்துடுங்க. இதோட மலைக்கி அனுப்பாதீங்க. பட்ட கம்மியா கீது, லோடு ஏத்தி எறக்கத்துல பிரேக்கு அடிச்சா மூக்கு குத்திக்கும்" என்றார்.

கேட்டுக்கொண்டேன்... நன்றாகவே காதில் விழுந்தது.

திருவிழா முடிந்தது. மறியல் தொடங்கியது. சாலையெங்கும் மரங்கள், கற்கள். பாஷா பட்டறையைப் பூட்டிவிட்டு உறவினர் ஊருக்குப் போய்விட்டார். கழற்றிய ஆறு பட்டைகளும் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரம் கிடந்தன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் செய்தி சேகரிக்கப் போனேன்.

குணசேகரனை அந்த நாட்களில்தான் அறிந்தேன். மலையடிவாரத்து ஊர்க்காரன். லாரி ஓட்டும் உரிமம் வாங்கி வைத்துக்கொண்டு, அரசு பஸ்ஸில் டிரைவர் வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தவன். அவன் தலைமையில் இளைஞர்கள் மலைப்பாதையில் கற்களை அடுக்கியிருந்தார்கள்.

"எங்க ஊரு பேரு பேப்பர்ல வரணும்ண்ணே. எம் பேரும் போடுங்க. நாளைக்கி வேல கெடச்சா, இதுக்காக நின்னவன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல?"

போட்டேன். ஊர் பெயரும் அவன் பெயரும் பிழையில்லாமல் வந்தன.

மறியல் முடிந்ததாக அறிவித்த அன்று மாலையே கரியாலூரிலிருந்து ஆள் வந்தான். தோண்டிய கிழங்கு ஒரு வாரமாகக் கிடக்கிறது, கறுக்கத் தொடங்கிவிட்டது, முதலில் வரும் லாரிக்கே லோடு என்றான். பாஷா இன்னும் திரும்பவில்லை. ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்... ஏன் பொறுக்கவில்லை? வேறு லாரி முந்திக்கொள்ளும் என்ற அவசரம். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பல வருடம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

வேலு ரிஷிவந்தியத்திலிருந்து வந்து சேர்ந்தான். திருவிழாவில் லாரியை ஓட்டியவனும் அவன்தான்.

"பட்டய மாட்டியாச்சாண்ணே?"

"மாட்டியாச்சு. கெளம்பு."

ஏறி உட்கார்ந்து கிளப்பியவன், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "மூஞ்சி இன்னும் தாழ்ந்தாப்ல கீதேண்ணே?"

"ஒரு வாரம் வண்டி எடுக்கல இல்ல, ஒனக்குப் பழக்கம் விட்டுப்போச்சி" என்றேன்.

அவன் சிரித்தான். என்னை நம்பினான்!

மறுநாள் விடிகாலை, லோடுடன் இறங்கும்போது கடைசி வளைவில் பிரேக் அடித்திருக்கிறான். பாரம் முழுவதும் முன்னே வந்து இறங்க, மிச்சமிருந்த பட்டைகளில் மேல் பட்டை முறிந்து, அச்சு பின்னால் நகர்ந்துவிட்டது. நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது வேலு சாலையோரம் உட்கார்ந்திருந்தான். தோளில் காறையெலும்பு உடைந்திருந்தது.

"ஸ்டேரிங்க புடுங்கிக்கினு போயிடுச்சிண்ணே. கல்லு மேல ஏறியிருப்பனோ இன்னாவோ... பட்டதான் மாட்டியாச்சே, வேற ஏன் புடுங்குது?"

நான் குனிந்து பார்த்தேன். முறிந்த பட்டையின் வாய் புதிதாக, வெள்ளையாக மின்னியது. பக்கத்தில் கிடந்த கிழங்குச் சாக்கு ஒன்றை இழுத்து அதன் மேல் போட்டேன். பிறகு கேமராவை எடுத்தேன்.

கற்கள் இருந்தன. சாலையின் நடுவே இல்லை. மறியல் முடிந்த அன்றே குணசேகரனும் நண்பர்களும் உருட்டி ஓரத்தில் விட்டிருந்த கற்கள், வளைவுக்குச் சற்றுக் கீழே. நான் கீழே இறங்கிப் போனேன். குந்தினேன். கற்கள் பெரிதாக முன்னாலும், கவிழ்ந்த லாரி அவற்றுக்குப் பின்னாலும் வரும்படி கோணத்தைச் சரிசெய்து எடுத்தேன். அதற்கு எவ்வளவு குந்த வேண்டும் என்பது என் தொழிலுக்குத் தெரியும்.

செய்தியில் பொய் எழுதவில்லை. கேளுங்கள்: "கிழங்கு ஏற்றி வந்த லாரி கவிழ்ந்தது. மறியலின்போது போடப்பட்ட கற்கள் அப்பகுதியில் கிடந்தன." இரண்டு வாக்கியங்களும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்... அதுதான் நான் செய்தது. லாரி யாருடையது என்று எழுதவில்லை.

போலீசார் அந்தச் செய்தியைப் படித்தார்கள். கற்களைப் போட்டது யார் என்று தேடினார்கள். அதற்கும் விடை என் முந்தைய செய்தியில் இருந்தது. குணசேகரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கல் போட்டாயா என்று கேட்டதற்கு, போட்டேன், அப்புறம் நகர்த்திவிட்டேன் என்றிருக்கிறான். முதல் பாதி மட்டும் வழக்கில் ஏறியது.

அவன் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். களையெடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். கைகளில் சேறு காயவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே, அந்தப் பட்டைகளுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"எம் புள்ள கல்ல ஓரமா தள்ளிட்டான் சாமி. ஊரே பாத்துச்சி. எங்க பேச்ச ஸ்டேஷன்ல கேக்க மாட்டன்றாங்க. நீ பேப்பர்ல எய்தனா கேப்பாங்க. ஒரே ஒரு வரி... அவனுக்கு பஸ் வேல வர்ற நேரம். கேஸு கீதுன்னா குடுக்க மாட்டாங்களாம்."

"பாக்கறேம்மா" என்றேன்.

ஒரு வரிதான். எழுதியிருக்கலாம்! கற்கள் சாலையில் இல்லை என்று எழுதினால், அப்படியானால் லாரி ஏன் கவிழ்ந்தது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் அவள் காலடியில் கிடந்தது. அவள் போனதும் பட்டைகளை எடுத்துச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டேன்.

ஊர் திரும்பிய பாஷாவிடம் போனேன். அவர் முறிந்த பட்டையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நீங்க கேட்டீங்க, கழட்டுனேன். மாட்டச் சொல்லி வரல, மாட்டல. இதுக்கு மேல எங்கிட்ட இன்னா கேக்கறீங்க?" என்றார். அதன் பிறகு அவர் என்னை நிருபரே என்று கூப்பிட்டதில்லை.

குணசேகரனுக்குப் பஸ் வேலைக்கு அழைப்பு வந்தது. போலீஸ் விசாரணையில் வழக்கு நிலுவையில் இருப்பது தெரிந்து நிறுத்திவிட்டார்கள். பல வருடம் இழுத்த பிறகு சாட்சியம் இல்லை என்று விடுதலை செய்தார்கள். அதற்குள் வேலைக்கான வயது வரம்பு கடந்துவிட்டது. விடுதலைச் செய்தியையும் நான்தான் எழுதினேன். உள்பக்கத்தில் மூன்று வரிகள்.

வேலு காறையெலும்பு கூடியதும் வேறு லாரிக்குப் போய்விட்டான். ஒருநாள் குணசேகரன் வந்து, ஓட்டுவதற்கு வண்டி கிடைக்குமா என்று கேட்டான். கொடுத்தேன். பரிகாரம் என்று நினைத்தேனா? அப்படித்தான் நினைத்திருப்பேன்... எவ்வளவு மலிவு!

முதல் மாதம் முடிந்ததும் சொன்னான். "கேஸ் ஆளுன்னு எல்லாரும் தொரத்தனாங்க. நீங்க ஒருத்தர்தாண்ணே அதெல்லாம் பாக்காம சாவியக் குடுத்தீங்க."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன்.

நீங்கள் கேட்பீர்கள், இப்போது ஏன் இதை எழுதுகிறாய் என்று. தெரியவில்லை. அவன் செய்தித்தாள் படிக்கிறவன், இதையும் படிக்கக்கூடும். படித்தால் என்ன செய்வான் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. படிக்காவிட்டால் அதைவிட மோசம்.

அம்மன் இன்றும் என் லாரியில்தான் வருகிறாள். ஓட்டுகிறவன் குணசேகரன். ஊர்வலத்துக்கு முந்தின நாள் முன்பக்கப் பட்டைகளைக் கழற்றுவார்கள். அம்மன் நேராகப் பார்த்துக்கொண்டு போவாள்.

அம்மன் இறங்கிய மறுநாள் காலை, நான் எழுவதற்கு முன்பே, குணசேகரன் பட்டைகளைத் திரும்ப மாட்டிவிடுகிறான்.