மாப்பிள்ளை கேட்ட இசைத்தட்டு

பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு ‘கரகர’ வரும். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் கேட்டாலே போதும்... மீனாட்சிபுரத்தில் யார் வீட்டில் விசேஷம் என்று சுத்துப்பட்டு முழுக்கத் தெரிந்துவிடும்.

எழுபதுகளில் எங்கள் கல்யாணமும் அப்படித்தான் ஆரம்பித்தது. வீட்டு வாசலிலேயே பந்தல். மைக்செட் ஆறுமுகண்ணன் சாமி பாட்டில் தொடங்கி, சினிமாப் பாட்டாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, என் அத்தை மகன்தான். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அங்கே மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், ஊருக்குப் போகும்போது இவர் கையில் ஒரு எல்.பி. ரெக்கார்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அட்டையில் ஆளே கிடையாது. நீல நிறத்தில் ஒரு சாக்ஸஃபோன், கீழே இங்கிலீஷில் ஏதோ பேர்.

தட்டு இருக்கிறது, போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை... ரூமில் அதை ஆணியில் மாட்டி வைத்து, வேலை முடிந்து வந்து அட்டையையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார் மனுஷன்.

கல்யாணத்துக்கு மைக்செட் வரும் என்று தெரிந்ததும், துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டார். ஆனால் எங்கள் அப்பா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். கல்யாண வீட்டில் சோகப் பாட்டு போட்டால் ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் மைக்செட்காரர் முதல் சமையல்காரர் வரை எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பாஷையே தெரியாத பாட்டில் அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று யாருக்குத் தெரியும், நாளைக்கு எம்புள்ள வாழ்க்கை என்னாவது என்று அப்பாவுக்குப் பயம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. தாலி கட்டும்போது இவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பே இல்லை. சரிதான், என்னைப் பிடிக்காமல்தான் கட்டுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு விருந்து. எங்கள் சொந்தத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாப்பிள்ளை இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தால், மாமனார் வந்து என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. கெட்டிக்கார மாப்பிள்ளைகள் வாட்ச், மோதிரம் என்று கறந்துவிடுவார்கள்.

இவரும் கை வைக்கவில்லை. பந்தியே திரும்பிப் பார்த்தது. அப்பா வேட்டியைச் சரிசெய்தபடி வந்து நின்றார்.

“சொல்லுங்க மாப்பளே. எலைல கை வெக்காம உக்காந்திருந்தா எனக்கு வெசனமா இருக்குது.”

“வேறொண்ணும் வேண்டாமுங்க மாமா. அந்தத் தட்ட ஒருக்கா மட்டும் போடச் சொல்லுங்க.”

பந்தியில் ஒரே சிரிப்பு. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அட, இந்த மனுஷனுக்கு வாட்டம் என்மேல் இல்லை, ஒரு பாட்டின்மேல்!

அப்பாவுக்கு வேறு வழியில்லை. ஆறுமுகண்ணன் தட்டைத் துடைத்துப் போட்டார். ‘கரகர’... அப்புறம் வந்தது பாருங்கள். ஒரு பெண்குரல், துள்ளித் துள்ளி ஓடுகிறது. நடுவில் நாயனம் மாதிரி ஒன்று மூச்சு விடாமல் வாசிக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த நாயனக்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். தவில்காரர் இலையை விட்டு எழுந்து கை கழுவி, தவிலை மாட்டிக்கொண்டு கூடவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பரிமாறுகிறவர்கள் ஓட்டமாக ஓடினார்கள். கம்பெனியிலிருந்து வந்த மலையாளத்துச் சேட்டன்மார் கை தட்ட, எங்கள் பெரியம்மா கும்மியே அடித்தார்.

இவர்? இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்க, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு இவர்மேல் ஆசையே வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பாட்டு முடிந்ததும், “ஆறுமுகம், இன்னொருக்கா போடு” என்று சொன்னது யார் தெரியுமா? எங்கள் அப்பா.

அந்தத் தட்டு பிறகு எங்கள் வீட்டில் தங்கவே இல்லை. ஆறுமுகண்ணன் வாங்கிக்கொண்டு போனார். எந்தக் கல்யாணமானாலும் பந்திக்கு அந்தப் பாட்டுதான். தேய்ந்து, கீறி, கடைசியில் ஒரே இடத்தில் சுற்றும் வரை போட்டார்கள்.

போன வாரம் கோயமுத்தூரில் இருக்கும் மகன் வந்தான். பழைய சோல், ஜாஸ் ரெக்கார்டுகளை எல்லாம் இப்போது புதிதாக அச்சடித்து விற்கிறார்களாம். எங்கள் கதையைக் கேட்டு வளர்ந்தவன், தேடிப் பிடித்து ஒன்றை வாங்கி வந்திருந்தான். அதே நீல அட்டை! டர்ன்டேபிளும் கையோடு கொண்டுவந்திருந்தான். இவர் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

‘கரகர’ இல்லை. சுத்தமாக ஆரம்பித்தது. ஓர் ஆண் குரல்... கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல, மெதுவாக, கனமாக. இவருக்கு முகம் தொங்கிவிட்டது. தட்டு மாறிவிட்டது என்று மகனோடு சண்டைக்கே போய்விட்டார்.

மகன் விசாரித்தான், யோசித்தான், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். ஆறுமுகண்ணனிடம் இருந்த சினிமாத் தட்டெல்லாம் நாற்பத்தைந்து ஸ்பீடில் ஓடுகிறவை. இது முப்பத்து மூன்றில் ஓட வேண்டியது. ஸ்பீடை மாற்றாமலே போட்டிருக்கிறார், அத்தனை கல்யாணத்திலும்! வேகமாகச் சுற்றியதில் ஆண் குரல் கீச்சென்று பெண்குரலாகிவிட்டிருக்கிறது.

பாட்டில் என்னதான் சொல்கிறார் என்று கேட்டேன். மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். வீடு வெறிச்சென்று கிடக்கிறதாம்.

இவர் இருமல் வரும் வரை சிரித்தார். “மாமன் பயந்தது செரிதான் புள்ள.”

இப்போதெல்லாம் கேட்க எல்லாம் இருக்கிறது. ஆளாளுக்குக் காதில் ஒன்றைச் செருகிக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்றே தெரிவதில்லை. அன்றைக்கு ஒரே தட்டை ஓர் ஊரே கேட்டது, தப்பாகக் கேட்டாலும் சேர்ந்து கேட்டது. அதை நினைத்தால் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இதுதாம்மா கரெக்ட் ஸ்பீடு என்று மகன் திரும்பவும் விளக்க வந்தான்.

“அது உனக்குக் கரெக்டா இருக்கட்டும் சாமி. எங்களுக்கு நாப்பத்தஞ்சுல வெய்யி” என்றேன்.

வைத்தான். பாவம் அந்தப் பாட்டுக்காரர், எந்த ஊரில் எந்தத் துக்கத்தில் பாடினாரோ... எங்கள் வீட்டில் அவர் துள்ளிக் குதித்துப் பாட, நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தோம்.