மழைக்காலத் தெருவும் அம்மாவின் முதல் ஆட்டமும்

மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனியில் அதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். யாரோ ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதைக் காலையில் திறந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதில் பத்து ஓட்டை இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிடுவேன். கெட்டிக்காரி என்று பெயர். வாயாடி என்றும் பெயர், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அடுத்தவர் தப்பைப் பார்த்துப் பார்த்து, தப்பு என்பதே அடுத்தவர்கள் செய்வது என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

அந்த நாட்களில்தான், இரண்டாயிரத்து ஐந்து ஆறு வாக்கில், டிவி கேமுக்குப் புதிதாக ஒரு விளையாட்டு எழுத உட்கார்ந்தேன். சாம்பல் நிற பிளாஸ்டிக் பெட்டி, மேலே கேசட் செருக ஒரு வாய், வயரோடு இரண்டு ரிமோட். நான் ஏழாவது படிக்கும்போது அப்பா பல்லாவரத்தில் வாங்கித் தந்தது. ஊரே கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பெட்டிக்கு ஓய்வில்லை. காரணம் அம்மா. நான் கல்லூரிக்குப் போனதும் ரிமோட் அம்மா கைக்குப் போய்விட்டது. மத்தியானம் சமையலை முடித்து, பொழிச்சலூர் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், தலைக்கு மேல் விமானம் இறங்குகிற சத்தம்கூட அவள் காதில் விழாது. இருந்த கேசட்டையெல்லாம் முடித்துவிட்டாள். "புதுசா ஒண்ணும் வரலியாடி?" என்று மாதம் ஒரு தடவையாவது கேட்பாள். வராது, அந்தப் பெட்டிக்கு யாரும் இப்போது எதுவும் எழுதுவதில்லை என்றேன். பிறகு, சரி, நானே எழுதுகிறேன் என்றேன். என்னால் முடியுமா என்ற சந்தேகம் ஒரு நொடிகூட வரவில்லை.

வெளிநாடுகளில் சில பேர் பொழுதுபோக்காக இந்தப் பழைய பெட்டிக்கு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இணையத்தில் போட்டு வைத்த குறிப்புகளை அச்செடுத்து, கம்பெனி பஸ்ஸில் போகவர படித்தேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் உருவங்கள் வரைந்தேன். பெட்டியின் மொத்த ஞாபகசக்தியும் ஒரு டஜன் எஸ்எம்எஸ் வைத்தால் நிரம்பிவிடுகிற அளவுதான். ஒரு உருவத்துக்கு மூன்று நிறம்தான் தரும். இந்தக் கஞ்சத்தனம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கதைக்கு எங்கேயும் அலையவில்லை. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முழங்கால் தண்ணீர் நிற்கும். யாராவது புண்ணியவான் ஹாலோ பிளாக் கற்களை வரிசையாகப் போட்டிருப்பார். அதில் ஒவ்வொன்றாகத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரைப் பிடித்து, நிற்கிற தண்ணி லாரியின் படியில் ஏறி இறங்கி, பஸ் ஸ்டாப் போய்ச் சேர வேண்டும். அதுதான் விளையாட்டு. புடவை கட்டிய ஒரு பெண், கால் நனையாமல் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை தாண்டித் தாண்டிப் போக வேண்டும். நேரம் ஆக ஆகத் தண்ணீர் ஏறும். தாண்டிக் குதிக்கிற விளையாட்டுக்கு ஆண்டவனே கட்டிக்கொடுத்த தெரு எங்களுடையது.

மூன்று நிறத்தில் முடி, தோல், புடவை மூன்றும் முடிந்துவிட்டது. செருப்பைக் கையில் பிடித்திருந்தால்தான் நம் ஊர்ப் பெண் என்று அம்மா அடம்பிடித்ததால், முடியின் நிறத்தையே செருப்புக்கும் கொடுத்தேன். சோதனை ஆட்டமும் அம்மாதான்.

"இன்னாடி இவ, குதிச்சா குதிச்ச எடத்துலயே போய் வுழுறா. நடுவுல திரும்ப மாட்டாளா?"

"நெஜத்துல குதிச்சா நடுவுல திரும்ப முடியுமாம்மா?"

"நெஜத்துல மூணு உசுரு இருக்குதா?"

அன்று சாயங்காலமே நடுவானில் திரும்புகிற மாதிரி மாற்றினேன். இப்படி ஏழெட்டு மாதம், சனி ஞாயிறுகளில் அம்மா குறை சொல்ல, நான் முறைத்துக்கொண்டே திருத்த, விளையாட்டு நன்றாகவே வந்துவிட்டது. நன்றாக என்றால், கடையில் வாங்கிய எதற்கும் குறையாமல். இதை நான் தற்பெருமையாகச் சொல்லவில்லை, அம்மா மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு ஆடினாள் என்பதே சாட்சி.

கம்ப்யூட்டரில் எழுதியதைக் கேசட்டாக்கித் தந்தவர் மேற்குத் தாம்பரத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த ஓர் அண்ணா. கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போக, படகில் ஏறினாலே வாந்தி எடுத்ததால் சால்டரிங் பிடிக்க வந்தவர். பழைய கேசட்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் சிப்பை எடுத்துவிட்டு, என் விளையாட்டை ஏற்றிய சிப்பை வைத்துத் தருவார். அவர் கடையில் ஒரு டிவி கேம் காலையில் போட்டால் பூட்டும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ரிப்பேருக்கு வருகிற கேசட்டை ஓடுகிற பெட்டியிலேயே செருகி, ரீசெட்டை அழுத்திப் பார்ப்பார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிகினு இருந்தா பொழுது பூடும்மா" என்பார்.

எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். பெட்டியின் சுவிட்ச் லூஸ். ஆஃப் செய்தால் மறுபடி ஆன் ஆவது அதன் இஷ்டம். அதனால் அம்மாவும் ஓடும்போதே கேசட்டை மாற்றிவிடுவாள். அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த விளையாட்டை ஆடுவதானாலும், முதலில் அந்தப் பழைய ஏரோப்ளேன் கேசட்டைப் போட்டு ஒரு ஆட்டம் ஆடிவிடுவாள். அவளுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அது இல்லாமல் எதையும் தொடங்கியதில்லை.

இதெல்லாம் பெரியம்மாவுக்குப் பிடிக்காது. அம்மாவின் அக்கா, படப்பையில் மூன்று மாடி வீடு. நிலம் விற்ற காலத்திலிருந்தே கொஞ்சம் நிமிர்ந்து பேசுவாள். ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி அம்மாவிடம் சொன்னாள். "வயசுப் பொண்ணுக்கு வரன் பாக்காம, அவகூட சேந்துகினு நீயும் டிவில பொம்ம ஆடிகினு கீறியாமே."

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "பொம்மதான். ஆனா அந்த பொம்மய என் பொண்ணு செஞ்சா. அடுத்த வாட்டி எடுத்தாறேன், நீயே பாருக்கா" என்றாள். அம்மா அவள் அக்காவுக்கு எதிராக வாய் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு கேசட் என் விளையாட்டாக மட்டும் இல்லை. படப்பையில் அம்மா தலைநிமிர்ந்து உட்காருவது அதை நம்பி இருந்தது.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு போனோம். பெரியம்மாவின் பேரனுக்குப் புதிதாக வாங்கிய டிவி கேம் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. கூடத்தில் பெரியம்மா, மருமகள், எதிர்வீட்டுக்காரர்கள் என்று பத்துப் பேர் சோபாவை நிரப்பிவிட்டார்கள். எல்லாரும் காத்திருப்பதைப் பார்த்து அம்மா அவசரமாகக் கேசட்டைச் செருகி ஆன் செய்தாள். தலைப்பு வந்தது. தெரு வந்தது. அம்மா கேட்ட புடவைக்காரி வந்தாள். ஆனால் அவள் தலைக்கு மேல் தண்ணீர். ஒரு அடி எடுத்து வைக்கும் முன் செத்தாள். இரண்டாவது உயிரும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. ரீசெட் அழுத்தினால் மறுபடி அதே வெள்ளம்.

"உங்க ஊர்ல தண்ணி நிக்கும்னு தெரியும். இந்த அளவுக்கா?" என்றாள் பெரியம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

என் முகம் எரிந்தது. அம்மாதான் பேசினாள். "என் தப்புக்கா. வர்ற வழியில தாம்பரத்துல பஸ் மாறும்போது பைய கீழ போட்டுட்டேன். உள்ள எதுனா ஒடஞ்சிருக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை மாத உழைப்பு, ஒரு பையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதா என்று முடிச்சூர் வரும்வரை பொரிந்து தள்ளினேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் வீட்டில் அம்மா அதே கேசட்டைப் போட்டால் அழகாக ஓடியது. தாம்பரத்துக்குக் கொண்டு போனேன், அண்ணாவின் கடையிலும் ஓடியது. அப்படியானால் கேசட் உடையவில்லை, பெரியம்மா வீட்டுப் பெட்டிதான் கோளாறு என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். "அந்த வூட்டுல மத்த கேசட்லாம் ஓடுதா இல்லியா?" என்று அண்ணா கேட்டார். ஓடுகிறது என்றேன். "அப்பொ பொட்டி மேல பழி போடாதம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு டிவியின் முதுகைத் திறக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

அம்மா ஒரு காரணம் வைத்திருந்தாள். அடுத்த ஞாயிறு இரவு, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அக்கா வூட்டுல நான் மொதல்ல ஏரோப்ளேன் ஆடல. எல்லாரும் பாத்துகினு இருந்தாங்களேனு நேரா இதப் போட்டுட்டேன். அதான் வௌங்கல." நான் சத்தமாகச் சிரித்தேன். டிவி கேமுக்கும் சகுனமா என்றேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் மேடவாக்கம் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது அந்தச் சிரிப்பு அடங்கியது. சிரிக்க ஒன்றுமே இல்லை. அம்மா சொன்னது அப்படியே, எழுத்துக்கு எழுத்து உண்மை.

தண்ணீர் எந்த மட்டத்தில் தொடங்க வேண்டும் என்பதை விளையாட்டு ஞாபகத்தில் ஓர் இடத்தில் பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் பூஜ்யம் என்று முதலிலேயே நான் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லை. கம்ப்யூட்டரில் ஓட்டும்போது எல்லா இடமும் தானாகப் பூஜ்யமாகவே இருந்ததால் எழுதத் தோன்றவில்லை. நிஜப் பெட்டி அப்படி இல்லை, ஆன் செய்ததும் அதன் ஞாபகத்தில் கண்ட குப்பையும் இருக்கும். எங்கள் வீட்டில் அந்தக் குப்பையைத் துடைத்து வைத்தது அம்மாவின் ஏரோப்ளேன். அது தன் வேலைக்காகப் பூஜ்யம் எழுதிவிட்டுப் போக, பெட்டியை அணைக்காமல் கேசட்டை மாற்றியதால், என் விளையாட்டு அந்தச் சுத்தமான இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணாவின் கடையிலும் ஏதோ ஒரு கேசட் அதே உபகாரத்தைச் செய்திருக்கிறது. படப்பையில்தான் என் விளையாட்டு முதல் தடவையாகத் தன் சொந்தக் காலில் நின்றது. நின்ற அழகை எல்லாரும் பார்த்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் வயரையே பிடுங்கினேன். ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டு, ஏரோப்ளேன் இல்லாமல் நேராக என் கேசட்டைப் போட்டேன். தலைக்கு மேல் தண்ணீர். எங்கள் கூடத்தில், என் கண் முன்னால். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இதைச் செய்திருந்தால் அவரை நான் ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பேன்.

அப்போதுதான் அது உறைத்தது. அடுப்படிக்குப் போனேன். "அம்மா, அன்னிக்கு நீ பைய கீழ போட்டியா?"

"நான் எங்கடி போட்டேன்? வூட்டுலேந்து படப்ப வரிக்கும் மடியிலயே வெச்சிருந்தேன்."

"அப்பறம் ஏன் அப்படி சொன்ன? பஸ்ல அவ்ளோ திட்டினேனே."

"அக்கா என்னச் சொன்னா எனக்குப் பழக்கம். உன்ன சொல்லக்கூடாதுல்ல" என்றாள். கரண்டியை ஒரு தட்டு தட்டிவிட்டு ரசத்தை இறக்கினாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை என்பதால் மறைக்கவும் வழியில்லை.

இரண்டே வரி சேர்த்தேன். தாம்பரத்து அண்ணா புதுச் சிப் ஏற்றித் தந்தார். காரணத்தைக் கேட்டுவிட்டு, "உங்கம்மாவும் நானும் ஆஃப் பண்ணாமயே மாட்டிகினு இருந்துகீறோம். அந்த ஏரோப்ளேனையும் சேத்து மூணு பேருமா உன் தப்ப மறைச்சிகினு இருந்துகீறோம் பாரு" என்றார். பிறகு அவர் கடைப் பெட்டியை, எனக்காக, அந்த வருடத்திலேயே முதல் தடவையாக ஆஃப் செய்தார். ஆறும் வரை இருவரும் காத்திருந்தோம். ஆன் செய்ததும் தரையில் தண்ணீர் கணுக்கால்கூட இல்லை. மொத்தம் பத்துத் தடவை அணைத்து அணைத்துப் பார்த்தோம்.

அடுத்த ஞாயிறே படப்பைக்குப் போனோம். பெரியம்மா எதிர்பார்க்கவில்லை. "மறுபடியுமா?" என்றாள். அதே கூடம், கிட்டத்தட்ட அதே ஆட்கள். அம்மா பழக்கதோஷத்தில் பையிலிருந்து ஏரோப்ளேன் கேசட்டை எடுத்தாள். நான் அதை வாங்கிப் பைக்குள்ளேயே வைத்தேன். பெட்டி அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நேராக நம்முடையதைப் போடச் சொன்னேன். தெரு வந்தது. தண்ணீர் அதன் இடத்தில் இருந்தது. புடவைக்காரி கையில் செருப்போடு முதல் கல்லில் ஏறினாள். அம்மா ஆடத் தொடங்கியதும் கூடம் அடங்கிவிட்டது, அவள் ஆட்டம் அப்படி. மூன்றாவது தெருவில் தண்ணி லாரியைத் தாண்டி, நடுவானில் திரும்பி, யாரும் எதிர்பார்க்காத சுவரில் போய் நின்றபோது மருமகள் கைதட்டினாள். பெரியம்மா சோபாவின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தாள்.

இதற்கு மேல் தாமதித்தால் சொல்லாமலே போய்விடுவேன் என்று தோன்றியது. எழுந்து நின்றேன்.

"பெரியம்மா, அன்னிக்கு அம்மா பைய கீழ போடல. கேசட் ஒடையவும் இல்ல. நான் எழுதினதுலதான் தப்பு. அம்மா எனக்காகப் பொய் சொன்னாங்க."

கூடத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல், கட்டைவிரல் இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, சொன்னாள்.

"டிவிய மறைக்காத, தள்ளி நில்லுடி. தண்ணி ஏறுது."