சாரலும் மழைதான்

காலி கண்டெய்னருக்குள் ஏறி நின்றுகொண்டு, "சாத்துங்க" என்கிறார் முத்துலட்சுமி. இருபதடி இரும்புப் பெட்டியின் இரண்டு கதவுகளும் அவரை உள்ளே வைத்து அடைக்கப்படுகின்றன. வெளியே நிற்கும் எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. ஐந்து நிமிடம் கழித்து உள்ளிருந்து தட்டும் சத்தம் வருகிறது. திறந்தால், வேர்த்து விறுவிறுத்து இறங்குகிறார். இருட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால், எங்கே வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும்.

"ஒரு ஓட்ட கூட இல்ல" என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல. தூத்துக்குடியிலிருந்து பெட்டியை ஏற்றி வந்த டிரைவர் ஆதம், நல்லதுதானே என்று சிரித்தார். முத்துலட்சுமி சிரிக்கவில்லை. மறுபடி உள்ளே போய் மண்டி போட்டு, தரைப்பலகையை மோந்து பார்த்தார். போன நடையில் இந்தப் பெட்டிக்குள் உரம் போனதா, தோல் போனதா என்பதை அவருடைய மூக்கிடம் மறைக்க முடியாது.

தென்காசியிலிருந்து ஆய்க்குடி போகும் சாலையில் சங்கரபாண்டி நடத்தும் சிறிய உணவுக் கம்பெனி இது. இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், சுண்டவற்றல், எலுமிச்சை ஊறுகாய் என்று ஒரு வருடம் கெடாத சரக்கை இருபத்திரண்டு பெண்கள் பொட்டலம் கட்டுகிறார்கள். அது தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பில் வேறு கப்பல் மாறி, முப்பத்தைந்து நாள் கழித்து மெல்போர்னில் இறங்குகிறது. இங்கே கதவு மூடிய பிறகு அங்கே கதவு திறக்கும்வரை சரக்கை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. கடைசியாகப் பார்க்கிற கண் முத்துலட்சுமியுடையது.

வயது நாற்பத்தேழு. சொந்த ஊர் வடகரை. நெல் விவசாயக் குடும்பம். "தம்பி போலீஸ்ல இருக்கான். ஆனா போலீஸ் புத்தி எனக்குல்லா வந்துட்டு" என்று அவரே சொல்கிறார். அது உண்மை என்பதற்கு நானே சாட்சி. பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்றதும் என் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, இப்படி ஓர் ஆள் உண்டா, உயரம் என்ன, கண்ணாடி போட்டிருப்பாரா என்று விசாரித்தார். நான் போட்டிக் கம்பெனி அனுப்பிய ஆள் இல்லை என்று பாதி மனதோடு ஒத்துக்கொள்ள அரைமணி நேரம் ஆனது.

அவர் சந்தேகப்படாத பொருள் ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்தேன். பஸ்ஸில் டிக்கெட்டை வாங்கியதும் தேதி பார்ப்பார். பால் பாக்கெட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். குற்றால அருவியில் ஊரே கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுக்கும்போது, இவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்து, தள்ளி வைத்த துணிமூட்டையைப் பார்த்தபடி குளிப்பாராம். அட்டைப்பெட்டியில் ஈரம் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க மாட்டார். குனிந்து கன்னத்தை வைப்பார். "உள்ளங்கைல எப்பவும் வேர்வ இருக்கும், அது பொய் சொல்லும். கன்னம் சொல்லாது." எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. தொள்ளாயிரம் பெட்டிகளையும் அவர் வரிசையாகக் கொஞ்சிக்கொண்டே போனதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தப் புத்தி எப்போது வந்தது என்று கேட்டேன். சங்கரபாண்டிதான் சொன்னார். போன வருடம் ஆடி மாதத்தில் அனுப்பிய கண்டெய்னரை மெல்போர்னில் திறந்தபோது பெட்டிகள் பூசணம் பூத்து, லேபிள் உரிந்து கிடந்தன. அத்தனையும் குப்பைக்குப் போனது. முத்துலட்சுமி முதலில் கப்பல் கம்பெனியைச் சந்தேகப்பட்டார். பிறகு கொழும்புத் துறைமுகத்தை. பிறகு, சரக்கை வாங்கியவரே பொய்ப் படம் அனுப்புகிறார் என்றார். ஒன்றரை மாதம் கழித்து, ஏற்றுமதி அன்று நிரப்பிய தாளை எடுத்துப் பார்த்திருக்கிறார். 'ஏற்றும்போது மழை பெய்ததா?' என்ற இடத்தில் அவருடைய கையெழுத்திலேயே 'இல்லை' என்று இருந்தது.

அன்றைக்கு நாள் முழுக்கச் சாரல். ஆனால் இந்தப் பக்கத்தில் சாரலை யார் மழை என்று சொன்னார்கள்? சாரலுக்குக் குடை எடுத்தால் வெளியூர்க்காரர் என்று பார்ப்பார்கள். சாரல் விழுந்தால் ஊருக்கே கொண்டாட்டம். தொள்ளாயிரம் பெட்டிகளையும் அந்தப் பூந்தூறலில் சிரித்துப் பேசிக்கொண்டே ஏற்றியிருக்கிறார்கள். அட்டை குடித்த ஈரம் கப்பலின் சூட்டில் ஆவியாகி, மெல்போர்ன் குளிர் நெருங்கியதும் இரும்புக் கூரையில் வேர்த்து, சரக்கின்மேலேயே சொட்டியிருக்கிறது. முத்துலட்சுமி தாளைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்து, "நாந்தான் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாராம். சங்கரபாண்டி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் முத்துலட்சுமிக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ.

மற்ற வெளிநாட்டு வியாபாரிகள் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். மெல்போர்ன்காரர் மட்டும், இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் போயிருந்தது அந்த ஒரு தடவைக்கு. இதுவும் பூசணம் பிடித்தால் கம்பெனி இல்லை. உள்ளே பொட்டலம் ஒட்டிக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேருக்கும் அது தெரியும். அன்று யாரும் பாட்டுப் பாடவில்லை.

அறுநூறு பெட்டி ஏறிய நேரத்தில், பதினோரு மணிக்கு, மேற்கே மலை மறைந்தது. சாரல் இறங்கியது. முகத்தில் பட்டபோது எனக்குச் சுகமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. முத்துலட்சுமி எல்லாரையும் நிறுத்தி, கதவை இழுத்து அடைத்தார். வெளியே மேடையில் நின்ற முந்நூறு பெட்டிகளின்மேல் தார்ப்பாயைப் போர்த்தி, காற்று தூக்காமல் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். தூத்துக்குடி போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், துறைமுகத்தில் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள் என்று ஆதம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். கப்பலை விட்டால் அடுத்தது பத்து நாள் கழித்துத்தான்.

"குத்தாலத்துச் சாரலுக்குப் போயி யாராவது வண்டிய நிறுத்துவாங்களாக்கா?"

"சாரலும் மழதான்" என்றார் முத்துலட்சுமி. அதை ஆதமிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை.

சங்கரபாண்டி உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தார். இரண்டு மணிக்குச் சாரல் விட்டது. முந்நூறு பெட்டிகளுக்கும் மறுபடி கன்னம். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஈரம் உறிஞ்சும் பைகளைக் கூரைக் கொக்கிகளில் மாட்டுகிற வேலையை வேறு யாரிடமும் விடாமல், முத்துலட்சுமியே உள்ளே ஏறி, பெட்டிகளின்மேல் தவழ்ந்து கடைசிவரை போய் மாட்டிவிட்டு வந்தார். கதவு மூடியது. உடைத்தால்தான் கதவு திறக்கும்படி சீல் அடித்து, அதன் எண்ணை எல்லாத் தாளிலும் எழுதி, துறைமுகத்துக்குப் போனிலும் சொல்லியாகிவிட்டது. மணி மூன்றரை. சங்கரபாண்டி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார்.

ஆதம் வண்டியைக் கிளப்பினார். என் பக்கத்தில் வந்து நின்ற முத்துலட்சுமி, ஏதோ நினைவில் சேலைத் தலைப்பை எடுத்து முறுக்கினார். நாலைந்து சொட்டுத் தண்ணீர் சிமெண்டில் விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பைத் தொட்டுப் பார்த்தார், முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் உள்ள ஏறுனப்ப சேல இப்படித்தான் இருந்துச்சா? நீங்க பாத்துக்கிட்டுதான நின்னீய?"

பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பை மாட்ட அவர் உள்ளே ஏறும்போது தலைப்பிலிருந்து சொட்டியதும் எனக்குத் தெரியும். கதவில் அடித்த சீல் உடைந்தால் புது சீல், புது எண், எல்லாத் தாளையும் திருத்த வேண்டும், எட்டு மணிக்குள் போய்ச் சேருவது சந்தேகம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும், நினைத்தது உண்மை.

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஈரச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, வண்டிக்கு முன்னால் போய், வாசல் கேட்டுக்கு நட்டநடுவில் நின்று கையை உயர்த்தினார்.