அண்ணனும் பல்லிடுக்கு நூலும்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்கு அவருடைய நல்ல குணங்களை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே நாங்கள் பேசக் கூசிய ஒன்றை எழுதுகிறேன். அண்ணி சம்மதம் தந்திருக்கிறார்.

அண்ணன் 1940இல் ஏற்காடு மலையிலுள்ள கரடியூரில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. காப்பித் தோட்டக் கூலியில் என்னைப் படிக்க வைத்தார். 1971இல் சேலம்–ஏற்காடு தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸுக்குக் கண்டக்டரானார். நெரிசலில் ஒவ்வொருவர் முகத்தருகிலும் குனிந்து ஊர் கேட்டு டிக்கெட் கொடுக்கும் வேலை.

இரு வேளையும் பல் துலக்குபவர்தான். ஆனால் ஈறில் ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவார். புண்ணைத் தொடாமலிருந்தால் ஆறிவிடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அவர் வாய் நாறுவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் ஏலக்காய் வாங்கிக் கொடுப்பேன். தம்பியின் பாசம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

1983 கோடையில், பஸ் மலையேறிக்கொண்டிருந்தபோது ஒரு பெண், "ஏனுங்க கண்டக்டரு, அந்தப் பக்கம் பாத்துப் பேசுங்க. வளைவுக்கு வராத வாந்தி இப்ப வருது" என்றார். பஸ்ஸே சிரித்தது. அதன்பின் அண்ணன் ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை; விசில் மட்டும் ஊதினார்.

வீட்டில் அவர் அண்ணியைக் கேட்டபோது நானும் இருந்தேன்.

"நெசமாவே நாறுதா?"

"ஆமாங்க."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமாங்க."

"ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட எப்பிடிங்க சொல்றது? தம்பி சொல்லுவாருன்னு இருந்தேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலைகுனிந்துகொண்டேன். "வேலைய உட்டர்றேன்" என்றார்.

அண்ணி விடவில்லை. மறுநாளே சேலத்துப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். இரு பற்களுக்கு நடுவே பிரஷ் நுழையாது, அங்கே படியும் அழுக்கில் கிருமிகள் பெருகி ஈறை அரிக்கும் என்று மருத்துவர் விளக்கினார். ஆடிய இரண்டு பற்களை எடுத்து, மற்றவற்றைச் சுத்தம் செய்தார். ஈறைப் பார்த்தே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். சர்க்கரை நோய் தெரிந்தது. ஈறு கெட்டால் சர்க்கரையை அடக்குவது கடினம், சர்க்கரை ஏறினால் ஈறு ஆறாது என்றார். மெழுகு பூசிய நூல் ஒன்றைக் கொடுத்து, தினமும் ஒவ்வொரு பல்லையும் அணைத்தாற்போல் வளைத்து, ஈறின் ஓரம்வரை மெதுவாக இறக்கித் தேய்த்து எடுக்கச் சொன்னார்.

முதல் சில நாட்கள் ரத்தம் வந்தது. "பல்லுச் சந்து பெருசாயிருஞ் சாமி, உட்டுரு" என்றார் அம்மா. அண்ணன் தொடர்ந்தார். சில வாரங்களில் ரத்தம் நின்றது, நாற்றமும் போயிற்று. பஸ்ஸில் மறுபடியும் குரல் கொடுத்தார். ஆனால் நூலை எடுத்தால் கதவைச் சாத்திக்கொள்வார். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நாங்கள் பார்த்ததில்லை.

கடைசி நாட்களில் பக்கவாதத்தால் அவர் கை விழுந்துவிட்டது. மருத்துவமனையில் அண்ணி நூலோடு அருகில் உட்கார்ந்தார். அண்ணன் வாய் திறக்கவில்லை. கண்ணால் என்னைக் காட்டினார்.

"தம்பி, கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் அண்ணி.

தாழ்வாரத்தில் போய் நின்றேன். அவருக்கு அந்தக் கூச்சத்தைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஈறில் ரத்தம் கசிந்தால், வாய் நாறினால், தயவுசெய்து நீங்களே சொல்லிவிடுங்கள். மருத்துவருக்கும், செவிலியருக்கும், தோள் கொடுத்த பஸ் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்குத்தான் முதல் நன்றி என்று எழுதி அவரிடம் படித்துக் காட்டினேன்.

"நானுந்தானுங்க தம்பி ரெண்டு வருசம் சொல்லாம இருந்தேன். அதையும் எழுதீருங்க" என்றார்.