மரத்துப்போனது யார் கை?

போன வாரம் என் மகள் பூங்கோதை என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு உணர்ச்சியே இல்லைங்கப்பா" என்றாள்.

கல்யாணமான நாள் முதல் என் மனைவி சொல்லி வருவதுதான்... ஆனால் டாக்டருக்குப் படிக்கிற பெண் சொன்னால் கொஞ்சம் திடுக்கிடத்தானே வேண்டும்?

காலேஜில் இப்போது அவளுக்குத் தோல் நோய்ப் பாடம். மாணவர்களிடம் அந்தப் பாடத்துக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. ஆபரேஷன் என்றால் முண்டியடிப்பார்கள். சொறி சிரங்கு என்றால் மூக்கைச் சுளிப்பார்கள். அவர்களுடைய ப்ரொபசர் பார்த்தார். "புத்தகத்தில் இருக்கிற படத்துக்கு அரிக்காது. மலைக்கு வாருங்கள்" என்று விடுமுறையில் ஒரு கூட்டத்தைத் திரட்டி, தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனார்.

பெண் பிள்ளை தனியாக மலையேறுவதா? என் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். ஆகவே, துணைக்கு நான்! எங்கள் ஊர் எலப்புள்ளி வெயிலில் காய்ந்த உடம்பு. உடுமலை வழியாக பஸ்ஸில் போய் இறங்கியதும் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது.

தோலைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டுமாம். விளக்கில் பார்த்தால் நிறம் ஏமாற்றிவிடும். அதனால் டிஸ்பென்சரி வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஆனால் வெளிச்சத்துக்கு எங்கே போவது? எதிரே தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக்கூட மூடுபனி விழுங்கியிருந்தது.

பூங்கோதையின் முன்னால் வந்து உட்கார்ந்தவள் பெயர் மாரியம்மாள். கொழுந்து எடுக்கிறவள். முன்கையில் வெளுத்துப்போய் ஒரு படை.

"இது அதுதானா தாயி?" என்றாள்.

எது என்று அவளும் சொல்லவில்லை. என் மகளும் கேட்கவில்லை. குஷ்டம் என்று வாயால் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்றல்லவா நம் ஜனங்கள் நடுங்குகிறார்கள்! நோய்க்கு மாத்திரை வந்துவிட்டது என்கிறார்கள். பயத்துக்குத்தான் இன்னும் வரவில்லை.

லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டதாம். எல்லாரும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகுதான் இவள் குழாயடிக்குப் போகலாம். 'அதுதான்' என்று டாக்டர்கள் சொல்லிவிட்டால் வேலையில் பேரை வெட்டிவிடுவார்கள், வீடும் போய்விடும். அவள் அதற்குக்கூட அழவில்லை.

"கைப்பிள்ளைய அக்கா வீட்டுல விட்டுருக்கேன் தாயி. தூர நின்னு பாத்துட்டு வந்துருவேன். என்னைக் கண்டதும் அது கையை நீட்டுது... நான் சேலைக்குள்ள கையை ஒளிச்சுக்கிடுவேன்."

சோதனை என்னவோ சின்னதுதான். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பஞ்சின் நுனியால் படையைத் தொடுவார்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். காட்டினால் பெரும்பாலும் பயமில்லை. காட்டாவிட்டால்...

பூங்கோதை தொட்டாள். மாரியம்மாள் அசையவில்லை. மறுபடி தொட்டாள். ஊஹூம். வராந்தா ஓரத்தில் நின்ற லயத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மகளின் முகம் சுண்டிப்போயிற்று.

ஒருவேளை சொன்னது புரியவில்லையோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை. "அப்பா, இங்க வந்து உக்காருங்க. எப்படிக் காட்டோணும்னு இவங்களுக்குச் செஞ்சு காட்டுங்க."

கோட்டுக் கையை மடித்துவிட்டுக் கண்ணை மூடினேன். காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

"எப்பப் புள்ளை ஆரம்பிக்கப் போற?"

"மூணு வாட்டி தொட்டுட்டனுங்கப்பா!"

உடனே சில்லிட்டிருந்த என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான், நான் முதலில் எழுதிய அந்த வாக்கியம். வராந்தாவே சிரித்தது. ஆனால் பூங்கோதை சிரிக்கவில்லை. சட்டென்று மாரியம்மாள் பக்கம் திரும்பி, படையே இல்லாத நல்ல தோலில் பஞ்சால் தொட்டாள். அங்கேயும் அவளுக்குத் தெரியவில்லை!

"ஏனுங்கக்கா, கை இப்படிச் சில்லுன்னு கெடக்குது?"

மாரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "டாக்டரம்மா தொடப்போற கையாச்சே, அழுக்கோட நீட்டலாமா? விடியவும் பனியில கொழுந்து எடுத்தேன். பொறவு குழாயடியில நின்னு, தேங்கா நாரு போட்டு நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வந்தேன் தாயி."

கேட்டீர்களா கதையை? தோல் டாக்டரைப் பார்க்க வருகிறவள், நோயைக் காட்டிக்கொடுக்கும் செதிலைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். ஐஸ் தண்ணீரில் கையையும் மரக்க வைத்துக்கொண்டாள். எல்லாம் எதற்கு? டாக்டருக்கு மரியாதை! எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது இது?

கணப்புச் சட்டி கொண்டுவர ஒரு மாணவன் ஓடினான். ப்ரொபசர் தடுத்துவிட்டார். "மரத்த கை சுட்டாலும் தெரியாதப்பா. கொஞ்சம் பொறு."

பூங்கோதை பொறுக்கவில்லை. என் கழுத்திலிருந்த மப்ளரை உருவினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! மாரியம்மாளின் முன்கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, மேலே மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாரியம்மாள் பதறிப்போய் இழுத்தாள். "வேணாம் தாயி, ஒட்டிக்கிடும்..."

"ஒண்ணும் ஆகாதுங்கக்கா. சும்மா இருங்க."

அப்போதுதான் மாரியம்மாள் அழுதாள். பேச்சு கிளம்பிய நாளிலிருந்து யாரும் தொடாத கை அல்லவா? அவர்கள் இருவரும் அப்படியே இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பனி விலகி, வராந்தாவில் வெயில் விழுந்தது.

மறுபடியும் பஞ்சு. மாரியம்மாள் கண்ணை இறுக மூடினாள். என் மகள் தொட்டாள். மாரியம்மாளின் விரல் மெதுவாக வந்து அந்த இடத்திலேயே நின்றது. இன்னொரு இடம். அங்கேயும் வந்தது விரல். எனக்கு அங்கேயே எழுந்து கை தட்ட வேண்டும் போலிருந்தது.

ரவிக்கைக் கைக்கு அடியில், தேங்காய் நார் எட்டாத இடத்தில் இன்னொரு படை இருந்தது. அதைப் பூங்கோதை நகத்தால் சுரண்டினாள். தவிடு மாதிரி உதிர்ந்தது. ப்ரொபசரும் குனிந்து பார்த்தார். இரண்டு படைகளையும் தானே ஒரு தரம் சோதித்தார்.

"வெறும் தேமல்தான் அம்மா. மருந்து தடவினால் போய்விடும்."

எத்தனை நாள் தடவ வேண்டும், பத்தியம் உண்டா என்றெல்லாம் மாரியம்மாள் கேட்கவில்லை.

"அப்பம்... பிள்ளையத் தூக்கலாமா?"

பூங்கோதை ஆமென்று தலையை ஆட்டினாள். கையில் கிடந்த என் மப்ளரோடு மாரியம்மாள் எழுந்து ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மருந்தை வாங்கிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. லயத்துப் பெண் ஒருத்திதான் அதை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பூங்கோதை சொன்னாள்: "இனி யாரு வந்தாலும் மொதல்ல கொஞ்ச நேரம் அவங்க கையப் புடிச்சுட்டுத்தானுங்கப்பா, பொறவு பஞ்சை எடுப்பேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவியின் முதல் கேள்வி, "புது மப்ளர் எங்கீங்க?"

"அதுக்குள்ள இப்ப ஒரு கொழந்தை தூங்குது" என்றேன்.