சம்மதப் படிவத்தோடு ஜெபல் அலிக்கு

1987 டிசம்பரில் துபாய்க்குப் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தேன். எத்தனை பவுன் வாங்கினேன் என்று கல்லூரியில் எல்லாரும் கேட்டார்கள். ஒன்றும் வாங்கவில்லை. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் போனேன்.

என் தம்பி குமரேசன் ஆறு வருடமாக துபாயை ஒட்டிய ஜெபல் அலித் துறைமுகத்தில் இருக்கிறான். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கட்டி இழுத்து வரும் சிறிய இழுவைப் படகு ஒன்றில் வேலை. நவம்பரில் அவன் கம்பெனியிலிருந்து என் கல்லூரி முகவரிக்கு ஒரு உறை வந்தது. ஈரானும் இராக்கும் வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களை அடித்துக்கொண்டிருப்பது தெரிந்ததுதான். அப்படி அடிபட்ட கப்பலின் தீயை அணைத்து இழுத்து வருவதற்கு வடக்கே ஒரு படகு நிறுத்தப் போகிறார்களாம். சம்பளம் இரண்டு மடங்கு. குமரேசன் சம்மதித்துவிட்டான். வீட்டின் சார்பில் காப்பாளர் என்று ஒருவரும் கையெழுத்திட வேண்டும். காப்பாளர் என்ற இடத்தில் இருந்தது அவன் மனைவி வசந்தாவின் பெயர் அல்ல, என் பெயர்.

தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அங்கே போன பிறகு தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேரும்போது, வீட்டில் யாருக்கு இங்கிலீஷ் தெரியுமோ அவர் பெயரைப் போடச் சொல்கிறார்கள், கம்பெனிக் கடிதம் வந்தால் படிக்கத் தெரிய வேண்டுமே என்று. அதனால் லால்குடியில் இருக்கும் வசந்தாவுக்கு இது எதுவும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். படிவத்தின் கடைசி வரி, நான் என் சொந்த விருப்பத்தில் போகிறேன், எது நேர்ந்தாலும் வேறு யாரும் பொறுப்பில்லை என்றது.

நான் சரித்திரம் நடத்துகிறவள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வல்லரசுகளுக்குள் வந்த பகைக்கு யார் பொறுப்பு என்பது எங்கள் பரீட்சையில் அடிக்கடி வரும் கேள்வி. கரும்பலகையில் நடுக்கோடு கிழித்து, கிழக்கு ஐரோப்பாவை விட்டுப் போகாத ரஷ்யப் படையை ஒரு பக்கமும், கையில் அணுகுண்டை வைத்துக்கொண்டு பேச வந்த அமெரிக்காவை மறுபக்கமும் எழுதுவேன். இருவருமே பொறுப்பு என்று முடிக்கிற பெண்ணுக்கு நல்ல மார்க் விழும். பதினாறு வருடமாகப் போட்டுவருகிறேன். அந்த இரண்டு பேரும் இப்போது என் தம்பி இருக்கும் கடலில் நின்றார்கள். குவைத் தன் எண்ணெயைக் கொண்டுபோக ரஷ்யாவிடமும் கப்பல் கேட்டது. ரஷ்யா உள்ளே வந்துவிடுமே என்று அமெரிக்கா குவைத் கப்பல்களுக்குத் தன் கொடியைக் கொடுத்துப் போர்க்கப்பலையும் துணைக்கு அனுப்பியது. பத்திரிகையில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

சரி, பயணம். திருச்சியிலிருந்து சென்னைக்கு ரயில். சென்னையிலிருந்து பம்பாய்க்கு விமானம், ஒன்றே முக்கால் மணி நேரம். பம்பாயில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து துபாய்க்கு மூன்று மணி நேரம். கடிகாரத்தை ஒன்றரை மணி பின்னால் தள்ளி வையுங்கள். போக வர டிக்கெட் ஐயாயிரத்து எழுநூறு ரூபாய், என் சேமிப்பில் பெரும்பகுதி. தொழிலாளியான தம்பியால் எனக்கு விசா எடுக்க முடியாது. கூடப் படித்த தோழியின் கணவர் துபாய் நகரின் தேராவில் ஒரு வியாபாரக் கம்பெனியில் இருக்கிறார். அவர் தன் முதலாளி மூலம் எடுத்துக் கொடுத்தார். தங்கியதும் அவர்கள் வீட்டில்தான். வீட்டுக்குப் பின்னாலேயே க்ரீக் என்ற கடற்கழி ஓடுகிறது. இருபத்தைந்து காசு கொடுத்தால் அப்ரா என்ற படகில் அக்கரைக்குப் போகலாம். நான் சும்மாவே நான்கு முறை போய் வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெபல் அலிக்குக் கிளம்பினேன். தேராவிலிருந்து நாற்பது கிலோமீட்டர். டாக்சிக்கு மீட்டர் கிடையாது, பேசிவிட்டுத்தான் ஏற வேண்டும். அறுபது திர்ஹம் கேட்டவர் நாற்பத்தைந்துக்கு இறங்கினார். ஆப்கானிஸ்தான்காரர், ஐம்பது வயதிருக்கும். இந்தி பிரச்சார சபாப் பரீட்சைகளில் நான் படித்த இந்தி அவருக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது.

"ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுகிறாய் பெஹன். டீச்சரா?"

சரித்திர டீச்சர் என்றேன். எந்தச் சரித்திரம் என்று விடவில்லை. பரீட்சைக் கேள்வியைச் சொன்னேன்.

"அச்சா. எதை எழுதினால் பாஸ்?"

"இரண்டு பேரும் பொறுப்பு என்று."

"நான் ரூஸ் என்று மட்டும்தான் எழுதுவேன். பாதி மார்க் போடுவாயா?" ரஷ்யாவைத்தான் அவர் ரூஸ் என்றார்.

"காரணம் எழுதினால் முழு மார்க்."

"காரணமா? ரூஸ் குண்டில் போன என் வீட்டுக் கூரைதான் காரணம்." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆனால் என் சின்னத் தம்பியிடம் இதைக் கேட்காதே. அவன் கையில் இருக்கிற துப்பாக்கி அம்ரீகாவுடையது. அதை வாங்கின நாளிலிருந்து அவன் என் பேச்சைக் கேட்பதில்லை."

முப்பத்தைந்து நிமிடத்தில் கேம்ப் வாசலுக்குப் போய்விட்டோம்.

கேம்புக்குள் பெண்கள் போவதில்லை. காவல்காரர் வாசல் நிழலில் ஒரு நாற்காலி போட்டார். குமரேசன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். கூடவே அவன் அறையில் இருக்கும் தவராசா தேநீரோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான், அதே படகின் என்ஜின் அறையில் வேலை.

"ரீச்சர், உங்கட தம்பி ரெண்டு நாளா முகச்சவரம் செய்து செய்து தோலே போச்சுது," என்றார். "கப்பல் காப்ரன் வந்தாலும் இவ்வளவு பயமில்லை அவனுக்கு."

"சும்மா இருங்கண்ணே," என்றான் குமரேசன்.

நான் படிவத்தை எடுத்து மடியில் வைத்தேன். யாரோ செய்யும் சண்டைக்கு நீ ஏன் போகிறாய் என்று கேட்டேன்.

"நான் சண்டைக்கா போறேன்? அடிபட்டவனத் தூக்கப் போறேன். போன மாசம் ஒரு கப்பல இழுத்தாந்தோம். சமையல்காரன் தொண்டிக்காரன். ரெண்டு கையும் வெந்து கெடக்கான். என்னயப் பாத்து, தமிழான்னு கேக்குறான். அவன யாரு அக்கா போய்த் தூக்குறது?"

அவனே தொடர்ந்தான்.

"காலைல அமெரிக்காக்காரன் போர்க்கப்பலக் கட்டி இழுக்குறோம். மத்தியானம் ரஷ்யாக்காரன் சரக்குக் கப்பல். கயிறு ஒண்ணுதான். எங்களுக்கு அவனும் கப்பல், இவனும் கப்பல்."

"அவையளுக்கும் நாங்கள் கயிறுதான் தம்பி," என்றார் தவராசா.

"வசந்தாகிட்டச் சொன்னியாடா?" என்று கேட்டேன்.

"சொன்னா விடுவாளா? ஒம்பேரு இருக்கறது நல்லதாப் போச்சு. நீ படிச்சவ, புரிஞ்சுக்குவ."

அவன் சொன்னது எல்லாமே புரிந்தது. இந்த முப்பது நாற்பது வருடத்தில் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் எத்தனையோ பேர் இதே மாதிரிக் காகிதங்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரிடமும் நல்ல காரணம் இருந்திருக்கும், அடுத்தவன் முந்திக்கொள்வான் என்ற பயமும் இருந்திருக்கும். இருவருமே பொறுப்பு என்று எழுதும்போது அந்தக் கைகள் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. யார் தொடங்கியது என்பதைவிட, ஒவ்வொரு முறையும் யார் கையெழுத்திட்டது என்று கேட்டிருக்க வேண்டும் என்று அந்த நாற்காலியில்தான் தோன்றியது.

"நான் போட மாட்டேன்," என்றேன்.

"நாளைக்கு அந்தத் தொண்டிக்காரன் மாதிரி ஒருத்தன் செத்தா?"

"அதுல எனக்கும் பங்கு உண்டு. தெரிஞ்சுதான் சொல்றேன்."

"யார் கேட்டாலும் அக்கா தடுத்துட்டான்னுதான் சொல்லுவேன்."

"சொல்லு. அதானே உண்மை."

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். டாக்சி வரும்வரை தவராசாதான் என்னோடு நின்றார். ஊரில் நடக்கும் சண்டையால் அங்கே கடிதமே போவதில்லை, அம்மா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை என்றார். கோபம் ரெண்டு நாளில் ஆறும், யோசியாதையுங்கோ என்று எனக்கு ஆறுதலும் சொன்னார்.

கிளம்பும் நாள் குமரேசன் விமான நிலையத்துக்கு வந்தான். வசந்தாவுக்கு ஒரு புடவை கொடுத்துவிட்டுச் சொன்னான்: "வடக்க போற அந்தப் படகுக்கு தவராசாண்ணன் பேரு குடுத்துட்டாரு. காப்பாளர் எடத்துல ஒரு கோடு போட்டாரு. ஆபீஸ்ல வாங்கிக்கிட்டான். அவருக்குக் கேக்க ஆளில்ல அக்கா."

புடவையைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள், மாலையில் ஒரு சால்வை வேண்டும். பெண்கள் தனியாகப் போனால் பட்டச் சான்றிதழின் நகல் கையில் இருக்கட்டும், பம்பாயில் குடிபெயர்வுச் சோதனையில் கேட்கிறார்கள். ஒரு திர்ஹம் மூன்றரை ரூபாய். கேம்புக்கு வெள்ளிக்கிழமை மட்டும் போங்கள், மற்ற நாட்களில் எல்லாருக்கும் டூட்டி. உங்கள் வீட்டிலிருந்து யாராவது அங்கே வேலையில் இருந்தால், காப்பாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வசந்தாவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை எழுதச் சொல்லி அவனுக்குக் கடிதம் போட்டாள். மாற்றியாகிவிட்டது.

குமரேசன் இப்போதும் ஜெபல் அலியில் தன் பழைய படகில்தான் இருக்கிறான். மாதம் ஒரு கடிதம் வருகிறது. பிரித்தவுடன் தவராசாவின் பெயரைத் தேடுகிறேன். நன்றாக இருக்கிறார் என்ற வரியைப் பார்த்த பிறகுதான் முதலிலிருந்து படிக்கிறேன்.